மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

போன கோடை விடுமுறையில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அறிவியல் கதை எழுதுகிறாள். கதை நடக்கும் கோளின் வரைபடத்தை நோட்டின் நடுப்பக்கங்களில் கலர் பென்சிலால் வரைந்திருந்தாள். நாடுகளுக்குப் பெயர், ஒவ்வோர் அரசனுக்கும் ஒரு கொடி, குறுக்கே நீளமாக ஒரு மலைத்தொடர். மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே பச்சை. "மழை எந்தப் பக்கத்திலிருந்து வருதும்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதை நான் யோசிக்கவே இல்ல சார்" என்றாள்.

கற்பனைக் கோள் ஒன்றைச் செய்ய உட்காரும் எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஆடி மாதம் குற்றாலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். மேற்கிலிருந்து வரும் காற்று கேரளத்துப் பக்கம் மலையேறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. மிச்சம் மீதிதான் மலையைத் தாண்டி நமக்குச் சாரலாக விழுகிறது. அதே நாளில் கிழக்கே கோவில்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். அதே காற்றுதான், ஆனால் உலர்ந்த காற்று. கரிசல் காடு ஐப்பசி மழைக்குக் காத்துக் கிடக்கும். நடுவில் நிற்பது ஒரு மலை, அவ்வளவுதான். கற்பனைக் கோளிலும் மலை இதே வேலையைத்தான் செய்யும். அதனால் வரைபடத்தில் முதலில் போட வேண்டியது காற்றின் அம்புக்குறி. கொடியெல்லாம் அப்புறம்.

சரி, காற்று எப்படிப் போகும்? நிலநடுக்கோட்டில் சூடான காற்று மேலே எழும்புகிறது. வழியெல்லாம் மழையாகப் பெய்துவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் 30 பாகையை ஒட்டி உலர்ந்த காற்றாகக் கீழே இறங்குகிறது. சகாராவும் ஆஸ்திரேலியப் பாலைவனங்களும் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. கோள் சுழலும் வேகம் இந்தக் காற்றை வளைத்துத் துண்டு துண்டாக்குகிறது. 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றும் வியாழனின் மேல் அத்தனை பட்டைகள் தெரிவதற்கு அந்த வேகமும் ஒரு காரணம். ஆகவே 'என் கோளில் ஒரு நாளுக்கு 12 மணி நேரம்' என்று எழுதினால், கடிகாரம் மட்டும் மாறாது, பாலைவனங்களும் இடம் மாறும். அச்சின் சாய்வும் அப்படித்தான். நம் பூமி 23.4 பாகை சாய்ந்திருப்பதால்தான் கோடையும் குளிரும் மாறி மாறி வருகின்றன.

நம் திணை மரபில் நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். மரமும் விலங்கும் பறவையும் தொழிலும் அதன்மேல் வரும் கருப்பொருள். மனிதர்களின் பிரிவும் கூடலும் அதற்கும் பிறகு. கோள் படைப்பதற்கு இதைவிட நல்ல வரிசையை நான் பார்த்ததில்லை. கதை எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கோள் முழுக்க மணல் என்று வைத்துவிட்டு, அதில் ஆட்களை மூச்சுவிட்டு நடமாட விடுகிறார்கள். அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதுவும் நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் ஒளிச்சேர்க்கை செய்ததால். மணல் கோள் இருக்கலாம், செவ்வாயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மூச்சுவிட ஆள் வேண்டுமென்றால், ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது, அது எப்படி வற்றியது என்று எழுத்தாளர் தனக்காவது சொல்லிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் நிஜமான கோள் ஒன்றையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. 4.2 ஒளியாண்டு தூரம். மங்கலான சிவப்புக் குள்ளன், அதாவது நம் சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த நட்சத்திரம். அதைச் சுற்றி ஏறக்குறைய பூமி அளவு எடையுள்ள கோள் ஒன்று இருப்பதை 2016-இல் அறிவித்தார்கள். 11.2 நாளில் அது ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் கோள், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, தன் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பாதியில் என்றும் பகல், மறுபாதியில் என்றும் இரவு.

இரவுப் பக்கத்தில் காற்றே உறைந்து விழுந்துவிடும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். பூமியின் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கரியமில வாயு இருந்தாலே போதும், வெப்பம் மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று 1997-இல் கணினிக் கணக்கு ஒன்று காட்டியது. அதிலிருந்து கதைக்காரர்களுக்கு வழி திறந்தது.

பகல் பாதியும் இரவுப் பாதியும் சந்திக்கும் அந்தி மண்டலத்தில் ஒரு வீட்டு வாசலில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் சூரியனைப்போல மூன்று மடங்கு அகலத்தில் ஒரு சிவந்த வட்டம் அடிவானத்தில் அசையாமல் இருக்கிறது. முகத்தில் வெதுவெதுப்பு. முதுகில் மட்டும் சில்லென்று காற்று, ஏனென்றால் தரையை ஒட்டிய காற்று பெரும்பாலும் இரவுப் பக்கத்திலிருந்து பகல் பக்கம்தான் வீசும். ஆகவே வீட்டுக்குப் பின்சுவரில் ஜன்னல் இருக்காது. மழை பெரும்பகுதியும் தொலைவில், உச்சிப் பகலுக்குக் கீழே பெய்துவிடுகிறது. இங்கே குடிநீர் என்பது இருட்டிலிருந்து நகர்ந்து வந்து உருகும் பனியாறு. பாறையின் நிழல் நகர்வதே இல்லை. அந்த நிழலில் பனி கரையாது, மீனை அங்கேதான் வைப்பார்கள். இலைகள் கிடைக்கிற மங்கிய ஒளியை முழுக்க வாங்கிக்கொள்ளக் கறுப்பாக இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இந்த நட்சத்திரம் அடிக்கடி சீறிப் பொங்கும் குணமுள்ளது. காற்று மண்டலத்தை எது காப்பாற்றுகிறது என்பதையும் கதை யோசித்தாக வேண்டும்.

"அங்க குழந்தைக்கு வயசு எப்படி சார் சொல்லுவாங்க?" என்று அவள் கேட்டாள். நானே யோசிக்காத கேள்வி. இரண்டு நாள் கழித்துப் பதில் கிடைத்தது. சுற்றுப்பாதை சற்றே நீள்வட்டமாக இருந்தால், கோள் நட்சத்திரத்தை நெருங்கும்போது வேகமாக ஓடும், விலகும்போது மெதுவாகப் போகும். தன்னைத்தானே சுற்றும் வேகம் மட்டும் மாறாது. இந்த வித்தியாசத்தால் அடிவானத்துச் சூரியன் கொஞ்சம் மேலே எழும், கொஞ்சம் கீழே இறங்கும். நம் நிலாவும் இப்படி லேசாக ஆடுகிறது. ஒரே முகம் என்கிறோமே தவிர, நிலாப் பரப்பில் 59 சதவீதம்வரை நாம் பார்த்துவிட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, அந்தி மண்டலத்து மக்களுக்கு 11.2 நாளுக்கு ஒரு விடியல். நம் கணக்கில் 10 வயதுக் குழந்தை அங்கே 326 விடியல் பார்த்திருக்கும்.

கதையை அவள் மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். கொடிகளைக் காணோம். பாட்டிக்கு 2,000 விடியல் நிறைந்ததற்காக வீட்டில் விளக்கேற்றுவதில் கதை தொடங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர் அறுபது தாண்டி ஒரு வருடம்.

நன்றி, வணக்கம்.