ஆங்கில இலக்கியம் சாசரிடம்தான் தொடங்கியதா?

"கல்லூரியில் சாசரிலிருந்துதான் பாடம் தொடங்கினார்கள். அவருக்கு முன் ஆங்கிலத்தில் இலக்கியமே கிடையாதா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்டு. 'கேன்டர்பரி கதைகள்' எழுதிய கவிஞர் சாசர் மறைந்தது 1400-இல். அதற்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் பாட்டுக் கட்டிய ஒருவரைப் பெயரோடு அறிவோம். அவர் கேட்மன். பெரிய புலவர் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள், மாடு பார்த்துக்கொண்டிருந்தவர். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் விட்பி என்ற ஊர். அங்கே ஹில்டா அம்மையார் தலைமையில் இருந்த மடத்தைச் சார்ந்து வாழ்ந்தவர். விருந்தில் யாழ் கைமாறி வரும், வாங்கியவர் பாட வேண்டும். யாழ் தன் பக்கம் வருவதைக் கண்டாலே கேட்மன் எழுந்து நழுவிவிடுவார். அப்படித் தொழுவத்துக்குப் போய்ப் படுத்த ஓர் இரவு, கனவில் ஒருவர் வந்து "பாடு" என்கிறார். "பாட வராமல்தானே இங்கே வந்து கிடக்கிறேன்" என்கிறார் இவர். "படைப்பின் தொடக்கத்தைப் பாடு" என்று பதில் வருகிறது. விழித்தபோது பாட்டு மனப்பாடமாக இருந்ததாம்.

கனவை நம்புவது உங்கள் விருப்பம். இதை எழுதிவைத்தவர் பீட் என்ற துறவி, 731-இல் முடித்த திருச்சபை வரலாற்றில். அவரோ பாட்டின் கருத்தை லத்தீனில் மட்டும் தந்துவிட்டுப் போய்விட்டார்! ஆங்கில வடிவம் நமக்குக் கிடைப்பது பிரதியெடுத்தவர்களின் புண்ணியத்தில். பீட் நூலின் எட்டாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றில் அது பக்கத்தின் கீழ் ஓரத்தில் இருக்கிறது. மொத்தம் ஒன்பதே அடிகள்.

அடி இறுதியில் இயைபு தேடாதீர்கள். ஒவ்வோர் அடியும் இரண்டு பாதி. அழுத்தி ஒலிக்கும் சொற்களின் முதல் ஒலி ஒன்றிவந்து இரண்டையும் கட்டும். ஏறக்குறைய நம் மோனைதான். காதுக்காகக் கட்டிய பாட்டு அது.

3182 அடிகள் கொண்ட பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியமும் இதே யாப்புதான். கதை நடப்பதென்னவோ ஸ்காண்டிநேவியாவில். இங்கிலாந்து அதில் களமே இல்லை. சுமார் 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரே ஒரு சுவடி அதைக் காத்தது. 1731-இல் லண்டனில் நூலகம் தீப்பிடித்தபோது அதன் ஓரங்கள் கருகின; பிறகு பொடிந்து உதிர்ந்த எழுத்துகளும் பல.

பிறகு ஏன் சாசரிடம் தொடங்குகிறார்கள்? 1066-இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையில் பிரெஞ்சு கோலோச்சியது. ஆங்கிலமும் வெகுவாக மாறிப்போனது. சாசரை அடிக்குறிப்புகளின் துணையோடு படித்துவிடலாம். கேட்மனைப் படிக்க இன்றைய ஆங்கிலேயரே புது மொழியாகக் கற்றாக வேண்டும். பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கு எது வசதி என்று நீங்களே சொல்லுங்கள்.