விடுவிப்புத் தாளில் அந்த ஒரு கட்டம்

வணக்கம். அமெரிக்க ராணுவத்திலிருந்து கெட்ட பெயரோடு அனுப்பப்பட்ட ஒருவர், பிறகு அந்தப் பெயரைத் திருத்திக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் முடியும் என்பதே பலருக்குத் தெரியாமல் வருடங்கள் ஓடிவிடுகின்றன, அந்த ஆதங்கத்தில்தான் இன்று பேச வந்தேன்.

நம் வீடுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். கிரீன் கார்டு இல்லாதவர்களையும் ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டம் 2008இல் வந்து 2016இல் நின்றுபோனது, அதில் ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. அப்படிப் படையில் சேர்ந்து குடியுரிமை வாங்கிய ஒருவர், 5 வருடப் பணியை நல்லபடியாக முடிப்பதற்குள் கெட்ட பெயரோடு வெளியே வந்தால், அந்தக் குடியுரிமையையே ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பணி முடியும்போது கையில் கொடுக்கும் தாளுக்கு டிடி 214 என்று பெயர். அதில் 24ஆம் கட்டத்தைப் பாருங்கள், எந்த விதமான விடுவிப்பு என்பது அங்கேதான் இருக்கும். ஹானரபிள், அதாவது நற்பெயரோடு விடுவிப்பு என்றால் கவலையில்லை. ஜெனரல், அதாவது அதற்கு ஒரு படி கீழே என்றால் ஜிஐ பில் படிப்புதவி போய்விடும். 'அதர் தேன் ஹானரபிள்', அதாவது நற்பெயர் இல்லாத விடுவிப்பு என்றால் சிகிச்சை, ஓய்வூதியம், வேலை எல்லாவற்றிலும் சிக்கல்தான். 28ஆம் கட்டத்தில் காரணம் இருக்கும், 'ஒழுங்கீனம்', 'போதைப்பொருள்' என்று இரண்டே வார்த்தையில். வேலை கேட்டுப் போகும் இடத்தில் முழுப் பிரதியைக் கேட்டால், அந்த இரண்டு வார்த்தையை எதிரே உட்கார்ந்திருப்பவர் படித்து முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான்.

பெரும்பாலும் இது எப்படி நடக்கிறது? ஆப்கானிஸ்தானில் பதக்கம் வாங்கிய ஆள் ஊர் திரும்பியதும் தூக்கம் வராமல் குடிக்கிறார், கஞ்சா பிடிக்கிறார், சிறுநீர்ச் சோதனையில் மாட்டுகிறார், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் முகாமை விட்டுப் போய்விடுகிறார். விசாரணை வேண்டாம், கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். இருபது இருபத்தொரு வயதில் வீடு என்ற சொல்லைக் கேட்டால் யார்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்? ஆறு மாதத்தில் அது தானாகவே ஹானரபிளாக மாறிவிடும் என்று யாரோ சொல்லியும் அனுப்புவார்கள். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். தானாக எதுவும் மாறாது, நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வெளியே வந்து 15 வருடம் ஆகவில்லை என்றால் விடுவிப்பு மறுஆய்வுக் குழுவுக்கு டிடி 293 படிவம். நேரில் பேச வேண்டும் என்றும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. 15 வருடம் தாண்டிவிட்டாலோ, ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்ற உயர்நிலை ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருந்தாலோ, ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு டிடி 149. அங்கே 3 வருடக் கெடு என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம், நியாயம் இருந்தால் கெடுவைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

சரி, உள்ளே என்ன எழுதுவது? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'நான் நல்லவன், இப்போது திருந்திவிட்டேன்' என்று மட்டும் எழுதினால் போதாது, அந்த நடத்தைக்குப் பின்னால் மனப்பாதிப்பு இருந்தால் அதைக் காட்ட வேண்டும். போர் மனப்பாதிப்புக்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயரே 1980இல்தான் மருத்துவக் கையேட்டில் ஏறியது. அப்படியானால் வியட்நாமிலிருந்து வந்தவர்களுக்கு அந்த நாளில் யார் நோய் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்? 2014இல்தான் பாதுகாப்புச் செயலர் ஹேகல் இவர்கள் விண்ணப்பங்களைத் தாராளமாகப் பாருங்கள் என்று உத்தரவிட்டார். 2017இல் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த கர்ட்டா குறிப்பாணை மூளைக் காயம், பாலியல் வன்முறை, பாலியல் தொல்லை ஆகியவற்றையும் தெளிவாகச் சேர்த்தது. அதன்படி குழு நான்கு விஷயம் பார்க்கும்: அப்படி ஒரு நோயோ சம்பவமோ இருந்ததா, அது பணிக்காலத்தில் நடந்ததா, அந்த நடத்தைக்கு அது காரணமா, கெட்ட பெயர் கொடுத்ததை விட அதற்கு எடை அதிகமா. இந்த நான்குக்கும் நேராகப் பதில் எழுதுங்கள். மருத்துவச் சீட்டு இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் மட்டுமே கூடப் போதுமான சான்றாகலாம் என்று அந்தக் குறிப்பாணையே சொல்கிறது. கூட இருந்த சிப்பாய் ஒருவர், 'குண்டு வெடித்த அன்று இவன் பக்கத்தில்தான் இருந்தேன், அதற்கு முன் இவன் மேல் ஒரு புகார் கிடையாது, அதற்கு அப்புறம்தான் ஆளே மாறிப்போனான்' என்று தேதியோடு எழுதித் தந்தால், பத்து நற்சான்றிதழை விட அது மேல் என்பது என் எண்ணம். அப்புறம், மனைவியோ அம்மாவோ பார்த்ததைப் பார்த்தபடி எழுதட்டும்.

தாமதமாகிவிட்டது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1906இல் டெக்சஸ் பிரவுன்ஸ்வில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டைக் காட்டி, 167 கறுப்பினச் சிப்பாய்களை ஒரு விசாரணையும் இல்லாமல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வெளியேற்றினார். 1972இல்தான் ராணுவம் அதை ஹானரபிளாக மாற்றியது. அப்போது டார்சி வில்லிஸ் உயிரோடு இருந்தார். மினியாபொலிஸில் ஒரு முடிதிருத்தகத்தில் ஷூ பாலிஷ் போட்டே வாழ்க்கையை ஓட்டியவர். அவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள். அறுபது சொச்சம் வருடத்துக்கு அது ஈடாகுமா என்றால் ஆகாது, அதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. அவரோடு வெளியேற்றப்பட்ட மற்றவர்களில் பெரும்பாலோர் திருத்திய அந்தத் தாளைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

விண்ணப்பத்துக்கு முன் உங்கள் முழுக் கோப்பை வரவழைத்துப் படியுங்கள், எஸ்எஃப் 180 படிவத்தில் கேட்கலாம். 1973இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கில் பிடித்த தீயில் பழைய கோப்புகள் ஏராளமாக எரிந்துபோயின, உங்களுடையது அதில் போயிருந்தால் வீட்டில் இருக்கும் கடிதம், புகைப்படம், பதக்கச் சான்று எல்லாமே உதவும். முன்னாள் படைவீரர் துறை சிகிச்சை தரலாமா என்பதை அந்தத் துறையே தனியாக முடிவு செய்கிறது, அதற்குக் குழுவின் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கலாம். மனசு ரொம்பத் தளர்ந்துபோனால் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எண் 988க்குப் போன் செய்து 1ஐ அழுத்துங்கள், எந்த விதமான விடுவிப்பாக இருந்தாலும் அவர்கள் பேசுவார்கள்.