முதலில் சொன்னவர்

நேயர்களுக்கு வணக்கம். 2003 பிப்ரவரி 10 அன்று, நோய்ப் பரவல் செய்திகளைப் பகிரும் புரோமெட் என்ற மின்னஞ்சல் சேவையில் ஓர் அமெரிக்க மருத்துவர் ஒரு கேள்வியைப் போட்டார். சீனாவின் குவாங்சோ நகரில் ஏதோ நோய் பரவுகிறதாமே, மருத்துவமனைகளை மூடிவிட்டார்களாம், ஆட்கள் சாகிறார்களாம், யாருக்காவது தெரியுமா? அவ்வளவுதான். அதுவும் ஆசிரியர்களின் இணைய அரட்டையில் கிளம்பி, கைமாறி வந்த செய்தி. மறுநாள் சீன அரசு உலக சுகாதார நிறுவனத்திடம் தெரிவித்தது: குவாங்டோங் மாகாணத்தில் 305 பேருக்கு நோய், 5 பேர் மரணம். பின்னால் சார்ஸ் என்று பெயர் பெற்ற அந்த நோய் தொடங்கியதோ முந்தைய நவம்பரில்!

சீனா மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கொள்ளைநோய் என்று வெளியே சொன்னால் ஏற்றுமதி படுக்கும், சுற்றுலா படுக்கும். மருத்துவர், மாவட்டம், அமைச்சகம், அப்புறம் ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனம் என்று போகிற வழியில் யாராவது ஒருவர் கோப்பை மூடி வைத்தால் போதும்.

இணையம் அந்த வழியைச் சுற்றிக்கொண்டு போகிறது. செய்திகளைத் துழாவ 2006 முதல் ஹெல்த்மேப் போன்ற எந்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் எது நம்பத்தக்கது என்று பார்க்க ஆள் வேண்டும். மக்கள் கூகுளில் தேடுவதை வைத்துக் காய்ச்சலைக் கணித்த ஃப்ளூ ட்ரெண்ட்ஸ், 2012-13 பருவத்தில் கணக்கை ஏகத்துக்கும் ஊதிக் காட்டியது, 2015இல் நிறுத்தினார்கள். புரோமெட்டில் தொற்றுநோய் வல்லுநர்கள் படித்துப் பார்த்த பிறகே எதுவும் வெளியாகும்.

என் பார்வையில் இதைவிடப் பெரிய மாற்றம் சட்டத்தில் நடந்தது. 2007இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகளின்படி, அரசு வாய் திறக்காவிட்டாலும் பிற வழிகளில் வந்த தகவலை வைத்து உலக சுகாதார நிறுவனம் கேள்வி கேட்கலாம். அந்த நாடு 24 மணி நேரத்துக்குள் முதல் பதிலாவது தர வேண்டும்.

சரி, சொன்னவர் கதி? 2012இல் சவுதி அரேபியாவின் ஜெத்தாவில் பணியாற்றிய எகிப்திய வைரஸ் நிபுணர் அலி முகமது ஜாகி, இறந்துபோன ஒரு நோயாளியிடம் புதிய கொரோனா வைரஸைக் கண்டு புரோமெட்டில் அறிவித்தார். லண்டனில் சிகிச்சையில் இருந்த கத்தார் நோயாளியின் வைரஸை அதனுடன் ஒப்பிட்டார்கள். கிட்டத்தட்ட அதே வைரஸ். மெர்ஸ் என்ற அந்தப் புதிய நோய் உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். ஜாகி வேலையை இழந்து எகிப்து திரும்பினார்.

நான் சொன்ன அதே சர்வதேச சுகாதார விதிகளில், தகவல் தந்தவர் யார் என்பதைத் தக்க காரணம் இருந்தால் மட்டுமே உலக சுகாதார நிறுவனம் மறைத்து வைக்கலாம் என்றிருக்கிறது. முதலில் மாற்ற வேண்டியது அந்த வரியைத்தான் என்பேன். நன்றி.