வாக்குறுதியா, வாக்குச் சேகரிப்பா?

நடுவருக்கும் அவையோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்காது என்று 1940 தேர்தலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சொன்னது வாக்குச் சேகரிப்பே! கைதட்டலை அப்புறம் வச்சுக்கலாம், நேரம் ஓடுது.

அக்டோபர் 30, பாஸ்டன். மூன்றாம் முறையாக நிற்கிறார் மனுஷர். 'இவர் ஜெயிச்சா போர் வரும்' என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறார் எதிர்வேட்பாளர் வில்கி. ரூஸ்வெல்ட்டோ அப்பா அம்மாக்களைப் பார்த்துச் சொல்கிறார்: "முன்பும் சொன்னேன், திரும்பத் திரும்பத் திரும்பச் சொல்வேன். உங்கள் பிள்ளைகள் எந்த அந்நியப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள்." எத்தனை 'திரும்ப'? மூணு! ஒரு தடவை சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன்.

முந்தின நாள் என்ன நடந்துச்சு? வாஷிங்டனில் போர் அமைச்சர் ஸ்டிம்சன் கண்ணைக் கட்டிக்கிட்டு, கண்ணாடிப் பாத்திரத்துக்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்கிறார். எண் 158. கட்டாய ராணுவச் சேவைக்கான குலுக்கல்! 21 வயசிலிருந்து 35 வரை பதிவு பண்ணின பையன்களுக்கு. நேத்து குலுக்கல், இன்னைக்கு 'அனுப்ப மாட்டேன்'. அப்போ எதுக்கய்யா குலுக்கினீங்க?

இன்னும் இருக்கு. அவர் கட்சியின் தேர்தல் அறிக்கையில் 'தாக்கப்பட்டால் தவிர' என்றொரு நிபந்தனை இருந்தது. பாஸ்டனில் அதைக் காணோம்! எங்கே போச்சு என்று உரை எழுத உதவிய ரோசன்மன் கேட்டார். "நம்மைத் தாக்கினா அது அந்நியப் போரே இல்லையே" என்றார் ரூஸ்வெல்ட். வக்கீலுக்குப் படிச்சவர் ஆச்சே!

எதிரணி அம்மா என்னைக் கிண்டலடிச்சாங்க: 'வீட்டுக்குள்ள திருடன் புகுந்தா, சண்டைக்குப் போகமாட்டேன்னு சொன்னவர் கதவைத் திறந்து விடணுமா?' அம்மா, திருடன், அதான் ஜப்பான், நம்ம கதையில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பருக்கு வந்தது 1941 டிசம்பர் 7. இவர் அதுக்கு முன்னாடியே தெருவில் இறங்கிட்டார். பிரிட்டனுக்கு 50 பழைய நாசகாரிக் கப்பல் கொடுத்தது, தேர்தலுக்கும் முன்னாடி. ஜெர்மன் நீர்மூழ்கியைக் கண்டால் சுடலாம்னு அறிவிச்சது 1941 செப்டம்பர். அக்டோபர் 31 அன்னைக்கு, பிரிட்டனுக்குப் போன சரக்குக் கப்பல்களுக்குக் காவலாப் போன அமெரிக்கப் போர்க்கப்பல் ரூபன் ஜேம்ஸ் மூழ்கி நூறு பேருக்கு மேல் செத்தாங்க. திருடன் வர அஞ்சு வாரம் இருந்ததும்மா!

ஆனா ஒண்ணு. அனுப்பமாட்டேன்னு சொன்ன பிள்ளைகளில் அவர் பெத்த நாலு பேரும் உண்டு. நாலு பேரும் சீருடை போட்டுப் போனாங்க. 1945 ஏப்ரல் 12, போர் முடியுமுன்னே அப்பா போயிட்டார். நாலு பிள்ளையும் திரும்பி வந்தாங்க. வராத பிள்ளைகள் நாலு லட்சத்துக்கு மேல். அவங்க அம்மாக்களும் ரேடியோவில் அந்த மூணு 'திரும்ப'வைக் கேட்டிருப்பாங்க, நடுவர் அவர்களே. அவங்ககிட்ட கேட்டுத் தீர்ப்பு எழுதுங்க. வணக்கம்.