பத்துக் கிலோ கச்சானில் எவ்வளவு மிஞ்சும்? பாடசாலையில் தொழில் பழகுவது பற்றி

(திரையில்: ஏ9 வீதி, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி, கச்சான் கடைகள்)

வணக்கம். ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் திரும்ப ஏறுவார்கள். அந்தக் கச்சான் பைக்கு விலை எப்படி வந்தது? முயற்சியாண்மைக்கு, அதாவது சொந்தமாகத் தொழில் தொடங்கி நடத்துவதற்கு, வரைவிலக்கணம் கேட்டால் கடகடவென்று ஒப்புவிக்கிற தரம் 10 பிள்ளைகூட இந்தக் கேள்விக்குத் தடுமாறலாம். இதைச் செய்து பார்த்தால்தான் பிடிபடும்.

சரி, வன்னியில் ஒரு பாடசாலையில் ஐந்து மாணவர்கள் கச்சான் வறுத்து விற்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

(திரையில்: மாணவரின் கொப்பி, முதல் பக்கம்)

பத்துக் கிலோ பச்சைக் கச்சான், கிலோ 600 ரூபாய்: மொத்தம் 6,000. நூறு கிராம் பை 100 ரூபாய். நூறு பைக்கு 10,000 வரும், 4,000 இலாபம். கொப்பியில் கணக்கு அழகாக இருக்கிறது.

இனி அடுப்பை மூட்டுவோம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

மணலில் போட்டு வறுக்கும்போது ஈரம் போய் எடை குறைகிறது. பத்துக் கிலோ ஒன்பதாகிறது. அரைக் கிலோ கருகிப்போகிறது. இப்போது கையில் 85 பைதான், எல்லாம் விற்றாலும் 8,500. கச்சான் வாங்கிய 6,000உம் விறகுக்கும் பைக்கும் 800உம் போனால் மிச்சம் 1,700. ஐந்து பேரும் மூன்று மணித்தியாலம் வேலை செய்தார்கள். மணித்தியாலத்துக்கு 100 ரூபாய் போட்டாலும் 1,500 கூலி. மிஞ்சுவது 200 ரூபாய்!

இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்படக் கூடாது. பிள்ளைகள் அந்த 200 ரூபாயைப் பார்த்து யோசிக்கட்டும். விலையைக் கூட்டலாமா? அறுவடைக் காலத்தில் மலிவாக வாங்கி வைக்கலாமா? கருகாமல் வறுப்பது எப்படி? கோயிலடியில் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் போய்க் கேட்கலாம். அவர்தான் இந்தப் பாடத்துக்கு நல்ல ஆசிரியர். ஆனால் விற்பனையை அங்கே வைக்க வேண்டாம், அது அவர்களுடைய பிழைப்பு. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் வைக்கலாம்.

கூலியை ஏன் விடாப்பிடியாக எழுதச் சொல்கிறேன்? எங்கள் வீடுகளில் அம்மாவின் உழைப்பும் வளவில் பொறுக்கிய விறகும் கணக்கில் ஏறுவதே இல்லை. கணக்கில் ஏறாததால் நட்டத்தில் ஓடும் தொழிலும் இலாபம் போலத் தெரியும். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் கடன் வாங்கித்தான் தொழில் தொடங்கின. நுண்கடன் தவணை கட்ட முடியாமல் பெண்கள் பட்ட பாடு ஊரறிந்தது. கடன் படிவத்தில் கையெழுத்து வைக்கும் வயது வருமுன் இந்தக் கணக்கு பிள்ளையின் கைக்கு வந்துவிட வேண்டும்.

(திரையில்: உலக வரைபடம்)

இப்படிக் கற்பிப்பது புதிதில்லை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1919இல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு, மாணவர்களே சிறு நிறுவனம் அமைத்துப் பொருள் செய்து விற்கும் முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. தில்லி அரசுப் பாடசாலைகளில் 2021இல் தொடங்கிய திட்டமொன்று, மேல் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 இந்திய ரூபாய் தொழில் முதலாகக் கொடுத்தது.

எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு குழுவுக்குச் சிறு தொகையைக் கடனாகக் கொடுத்தால் போதும். பெற்றோரிடம் காசு வாங்க வேண்டாம். வாங்கினால் வசதியுள்ள பிள்ளைதான் வெல்லும். முல்லைத்தீவுக் கரையில் கருவாடு, பனையுள்ள ஊரில் புழுக்கொடியல் என்று பொருளை அந்தந்த ஊரே சொல்லும்.

நட்டம் வந்தால்? ஆசிரியர் தன் பையிலிருந்து போட்டு மறைக்கக் கூடாது. எங்கே போனது என்று கொப்பியில் எழுதி, குழுவே சங்கக் கூட்டத்தில் எழுந்து விளக்கட்டும். சங்கமும் ஏசாமல் கேட்க வேண்டும், பாடசாலையின் அடுத்த தவணையிலும் அதே பிள்ளைகளுக்குத் தொழில் முதல் கொடுக்க வேண்டும்.