சும்மா வீட்டிலதான்

வணக்கம் எல்லாருக்கும். கமராவைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்திருக்கிறேன், சரிந்து தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சமையல்தான் போடுவேன். இன்றைக்கும் புட்டுக்கு மா அவிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் சொல்ல வந்தது வேறு. இவர் மரைன் டிரைவில் நடக்கப் போயிருக்கிறார். திரும்பி வர முக்கால் மணித்தியாலம் ஆகும். அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

பொறுங்கள், ரயில் போகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் இப்படித்தான், பாதிப் பேச்சில் நிறுத்த வேண்டும்.

சரி. 2024 டிசம்பரில் குடிசனத் தொகைமதிப்புக்கு ஒரு பிள்ளை வந்தார். 2012க்குப் பிறகு அப்போதுதான் எடுத்தார்கள். கையில் டப்லெட் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பெயர், வயது, படிப்பு. பிறகு என்னைப் பார்த்து, "அம்மா என்ன வேலை செய்யிறீங்கள்?" என்றார். நான் வாய் திறக்கவில்லை, அதற்குள் இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்கிறார்: "அவ ஒண்டும் செய்யிறேல்லை. சும்மா வீட்டிலதான்."

அப்போது என் கையில் அந்தப் பிள்ளைக்குப் போட்ட தேத்தண்ணி. அடுப்பில் இவருக்குச் சீனி இல்லாத கஞ்சி. குளியலறையில் ஊறப் போட்ட உடுப்பு. பின் அறையில் மாமி மருந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சும்மா!

கோபம் வந்ததா என்றால், இல்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைதான் கொஞ்சம் தயங்கி, "வீட்டு வேலை எண்டு போடட்டோ அம்மா?" என்று கேட்டார். போடுங்கோ பிள்ளை என்றேன். விரலால் ஒரு தட்டு, அடுத்த கேள்வி.

எனக்கும் இவருக்கும் கலியாணம் நடந்தது 1998இல். இவர் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களிடம் மனக்குறை என்று வாய் திறந்து பாருங்கள், உடனே, "மனுசன் குடிக்கிறதில்லை, அடிக்கிறதில்லை, உமக்கு என்ன குறை?" என்பார்கள். அடிக்காமல் இருப்பதற்கெல்லாம் மெடல் கொடுக்கிற ஊர் இது. (அடி, உதை, மிரட்டல் என்று இருக்கிறவர்கள் என் கதையைக் கேட்டுப் பொறுத்துப் போகாதீர்கள். அது வேறு விசயம். அதற்கு 2005ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. 1938 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அது பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம்.)

என் கதை அவ்வளவு பெரிய கதை இல்லை. சொதியில் உப்புச் சரியாக இருக்கிற நாளில் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. குறைந்த நாளில் மட்டும், "இண்டைக்கு உப்பில்லை." இருபத்தாறு வருசத்தில் எத்தனை சோறு, எத்தனை புட்டு! எனக்குக் கிடைத்த விமர்சனம் எல்லாம் உப்பில்லாத நாட்களுக்கு மட்டும்தான். இவர் ஓய்வுபெற்ற பிறகு இன்னும் மோசம். முந்தி காலையும் பின்னேரமும்தான் தேத்தண்ணி, இப்போது நாளுக்கு ஐந்து. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே, "என்ர கண்ணாடியை எங்க வைச்சனீர்?" என்று கேட்பார்.

மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்... ம், இன்னும் கொஞ்சம் அவிய வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். எங்கள் தேசவழமையில் சொத்து மூன்று வகை: பரம்பரையாக வந்தது முதுசம், கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது தேடியதேட்டம். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வைத்த வழமை, யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இன்றைக்கும் சட்டம். என் சீதனக் காணியை விற்கப் போனபோது, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு சொன்னார், மனைவியின் காணி என்றாலும் கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டுமாம். இவர் கையெழுத்து வைத்தார். அந்தக் காசுதான் இந்த பிளாட்டுக்கு முற்பணம். உறுதிப் பத்திரம் இவர் பெயரில். விருந்தாளிகள் வந்தால், "நான் வாங்கின பிளாட்" என்று யன்னலைத் திறந்து கடலைக் காட்டுவார். நான் பின்னால் பலகாரத் தட்டோடு நிற்பேன். அந்த மூன்று வகையில் என் இருபத்தாறு வருசம் எதற்குள் வரும் என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் தொடர்மாடியில் 24 வீடுகள். பராமரிப்புக் கணக்குப் பார்த்தவர் இந்த ஜனவரியில் மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போனார். வெள்ளவத்தையில் ஒவ்வொரு வருசமும் யாராவது இப்படிப் போவார்கள். கணக்கை ஆரிடம் கொடுப்பது என்று கூட்டம் போட்டார்கள். ஒருவருக்கும் நேரம் இல்லை. கடைசியில் ஒருவர் என்னைக் காட்டி, "அம்மா வீட்டில சும்மாதானே இருக்கிறா" என்றார். மறுபடியும் அந்தச் சொல்! இவரும் தலையை ஆட்டினார். ஏழு பைல் ஒரு அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது.

முதல் இரவு மாமியைப் படுக்க வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் பைலை விரித்தேன். நம்புவீர்களோ தெரியாது, பழைய வவுச்சர் தாளின் வாசம் வந்தவுடன் நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்கு ஒரு காலத்தில் வேலை இருந்தது. 95இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்த பிறகு கொழும்புக்கு வந்து, கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோரில் கணக்குப் பிரிவில் இருந்தேன். 1997 ஒக்டோபரில் உலக வர்த்தக மையப் பக்கம் குண்டு வெடித்த அன்றைக்கு எங்கள் யன்னல் கண்ணாடி எல்லாம் உதிர்ந்தது. மேசைக்குக் கீழே இருந்து எழும்பி, முதலில் பேரேட்டைத்தான் தேடினேன். கலியாணத்துக்குப் பிறகும் போனேன். வழியெல்லாம் சோதனைச் சாவடி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு. "நீர் வீட்டில நிண்டால் எனக்கு நிம்மதி" என்றார் இவர். அப்போது அது அக்கறைதான். 1999இல் விட்டேன். சாவடிகள் எல்லாம் எடுத்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. திரும்பப் போகிறீரா என்று இவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பெட்டியில் 2022 ஜூன் மாதத்துப் பைல் இருந்தது. அந்தப் பொருளாதார நெருக்கடிக் காலம் ஞாபகம் இருக்கும், மின்வெட்டு, காஸ் வரிசை, டீசல் லீற்றர் 400 ரூபாய். எங்கள் ஜெனரேட்டருக்கு அந்த மாதம் 1,320 லீற்றர் டீசல் என்று காசு கொடுத்திருக்கிறார்கள். ஜெனரேட்டரில் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டுகிற மீற்றர் ஒன்று இருக்கிறது, காவலாளி அதை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். அந்த மாதம் 78 மணித்தியாலம். வகுத்துப் பார்த்தால் மணிக்குப் பதினேழு லீற்றர். மற்ற மாதங்களில் பதினொன்று. அதே மெசின், அதே லிப்ட், அதே தண்ணீர்ப் பம்பு. ஏன் திடீரென்று அவ்வளவு குடித்தது?

பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினேன், சின்னப் பிள்ளைகள் காட்ஸ் அடுக்குகிற மாதிரி. இரவு ஒன்றரை மணி இருக்கும். 460 லீற்றருக்கு இரண்டு சீட்டு. ஒன்று நீல மையில் மேல் தாள். மற்றது மங்கலான கார்பன் தாள். இரண்டிலும் ஒரே இலக்கம். மேல் தாள் ஒரு வவுச்சரில், கார்பன் தாள் பத்து நாள் கழித்து இன்னொரு வவுச்சரில். ஒரே டீசலுக்கு இரண்டு தரம் காசு. ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் ரூபாய். அதைக் கழித்தால் மணிக்குச் சரியாகப் பதினொன்று வருகிறது.

அந்தப் பதினொன்று வந்தபோது நான் சிரித்த சத்தத்துக்கு மாமி எழும்பிவிட்டார்.

டீசல் கொடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டேன். வேண்டுமென்று செய்ததா, அந்த வரிசை அவதியில் பிழை வந்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, அடுத்த திருத்த வேலைகளில் கழித்துவிடுவதாக எழுதித் தந்தார்.

கூட்டத்தில் ஆட்கள் கை தட்டினார்கள். எனக்குக் கை நடுங்கியது. கூட்ட அறிக்கையில் என் பெயரை எழுதிப் பக்கத்தில் பொருளாளர் என்று போட்டிருக்கிறார்கள். அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளுக்கு ஒரு தரமாவது பார்ப்பேன், சிரிக்காதீர்கள்.

இவர் என்ன சொன்னார் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? லிப்டில் மேலே வரும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இவ்வளவு வருசமாகக் காத்திருந்த ஒரு வார்த்தை இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன். "நீர் கணக்குப் பாடமோ படிச்சனீர்?" என்றார்.

என்னைப் பெண் பார்க்க வந்ததே அந்தக் கந்தோர் வேலையைக் கேள்விப்பட்டுத்தான்.

வெளியே அழவில்லை, உள்ளுக்குள் ஒரு நிமிசம் கனத்தது. பிறகு பார்த்தால் அது அவ்வளவு கனமாகத் தெரியவில்லை. அவர் மறந்தாலும் அது என் கைக்கு மறந்துபோகாது என்று அந்த மேசையில் கண்டுவிட்டேன் அல்லவா. அதற்காக வீடு மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. உப்பு இன்றைக்கும் குறைந்தால்தான் சத்தம். ஆனால் ஒன்றைச் செய்தேன். தேத்தண்ணியைக் காலையிலேயே பிளாஸ்கில் ஊற்றி மேசையில் வைத்துவிடுகிறேன். ஐந்து தரம் வேண்டுமென்றால் ஐந்து தரம் ஊற்றிக் குடிக்கலாம். முதல் வாரம் பிளாஸ்க் மூடியைத் திறக்கத் தெரியாமல் கூப்பிட்டார். நான் பைலிலிருந்து தலையை எடுக்கவில்லை. இப்போது திறக்கிறார்.

பிளாட் உறுதியில் என் பெயரையும் சேர்க்கிற கதையை இன்னும் எடுக்கவில்லை. நொத்தாரிசிடம் என்ன செலவாகும் என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஐயோ, மா! கதைத்துக் கதைத்துக் கூடுதலாக அவிந்துவிட்டது, கட்டி கட்டியாகத்தான் வரப்போகிறது. பரவாயில்லை, அரித்தெடுக்கலாம். இன்றைக்குச் சனிக்கிழமை, பத்து மணிக்கு ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள். நான் கீழே போய் மீற்றரைப் பார்த்து எழுத வேண்டும். புட்டை இவர் வந்து பிசையட்டும்.