பைசனுக்குப் புழு மருந்து: முதலில் சாணத்தைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வந்து நிற்கிற காட்டுமாட்டையும் நாம் பைசன் என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது வேறு இனம். நான் பேச வந்தது வட அமெரிக்கப் புல்வெளியின் சடைத்தலை பைசனைப் பற்றி.

கோடிக்கணக்கில் இருந்த காலத்தில் இவை மேய்ந்துகொண்டே நகர்ந்துவிடும். சாணத்தோடு விழுந்த புழு முட்டை பொரித்து, இளம்புழு வளர்ந்து, ஈரப் புல்லில் ஏறி நிற்க ஒன்றிரண்டு வாரமாவது ஆகும், அதற்குள் மந்தை வெகுதூரம் போயிருக்கும். இப்போது பண்ணையில் வேலி போட்டாயிற்று, சாணம் போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப வாய் வைக்கிறது. ஆஸ்டர்டேஜியா என்ற புழு வயிற்றின் நாலாவது அறைச் சுவரைக் கெடுக்கும், ஹீமாங்கஸ் என்ற புழு ரத்தம் உறிஞ்சும். கன்றுகளும் ஒரு வயதுக் குட்டிகளும்தான் அதிகம் அடிபடும்: கழிச்சல், இளைப்பு, தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கம்.

சரி, மாட்டு மருந்தையே கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், ஆனால் எப்படிக் கொடுப்பது? ஊசி போடக் கூண்டில் அடைத்த பைசனைப் பக்கத்தில் நின்று பாருங்கள், கண் பிதுங்கி, வாய் திறந்து மூச்சு வாங்கி, கம்பியில் மோதிக் கொம்பை உடைத்துக்கொள்ளும், சில சமயம் அங்கேயே செத்தும் போகும். முதுகில் ஊற்றுகிற மருந்தோ அந்த அடர்ந்த ரோமத்தைத் தாண்டித் தோலுக்கு எவ்வளவு போகிறது என்று நிச்சயமில்லை. அதனால்தான் பலர் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைத் தீவனத்தில் கலந்து வைக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல், பெரிய பசுக்கள் முட்டித் தள்ளிவிட்டு இரண்டு பங்கு தின்றுவிடும், மருந்து தேவைப்படுகிற குட்டி ஓரமாய் நிற்கும். நீளமாய்ப் பரப்பி வையுங்கள், எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் குனிய இடம் வேண்டும்.

அமெரிக்காவில் இந்த மருந்துகள் பெரும்பாலும் மாட்டுக்கென்று அங்கீகரிக்கப்பட்டவை, அதனால் அளவையும், இறைச்சிக்கு அனுப்பக் காத்திருக்க வேண்டிய நாளையும் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்து சாணத்தோடு வெளியேறிச் சாண வண்டின் புழுக்களையும் கொல்லும், எனக்கு அது பெரிய கவலை.

ஆகவே காலண்டரைப் பார்த்து மருந்து வைக்காதீர்கள். சுடச்சுட விழுந்த சாணத்தை எடுத்து, உப்புக் கரைசலில் கரைத்து, மிதக்கிற முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணச் சொல்லுங்கள். மருந்து கொடுத்த 14-ம் நாள் மறுபடி எண்ணுங்கள். 95 சதவீதமாவது குறையவில்லையென்றால் புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டனவோ என்று சந்தேகம் வரும், ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன், அந்தக் குட்டி அன்றைக்குத் தீவனம் தின்றதா என்று வேலைக்காரரிடம் கேளுங்கள்.